எழுதியாயிற்று, வாசிப்பவர் யார்?

வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புதிதாக எழுதத் தொடங்கியிருப்பவர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைப் பேசுகின்றன. எழுதியதை அச்சிட்டோ, நகலெடுத்தோ, கைபேசி வழியாகவோ பலருக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதை உண்மையில் வாசிப்பவர் யார், அவரை எப்படி அறிந்துகொள்வது என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் தந்துள்ளோம்.

எங்கள் வட்டாரத்தின் ஏரிகள், சந்தைகள், பழைய கோயில்கள் ஆகியவை பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு மாத இதழைத் தனிச்சுற்றாகக் கொண்டுவருகிறேன். நூறு பிரதிகள் அடித்து ஊரெங்கும் வைக்கிறேன். யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாமலே அடுத்த இதழை எழுத வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்? – பாலக்கோடு வாசகி

பிரதிகள் எங்கெங்கே போகின்றன என்பதை முதலில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்படி எழுதும்போதுதான், ஊரெங்கும் வைத்ததாக நாம் நினைத்த நூறு பிரதிகளில் பெரும்பகுதி நமக்குப் பழக்கமான மூன்று நான்கு இடங்களிலேயே அடுக்கப்பட்டிருப்பது தெரியவரும். டீக்கடை, முடிதிருத்தகம், உரக்கடை, கிளை நூலகம், பால் சொசைட்டி என்று இடத்துக்கு இடம் வாசிப்பு மாறுகிறது. உரக்கடையில் முறைக்காகக் காத்திருப்பவர் ஒரு கட்டுரையை முழுதாக வாசித்துவிடுவார். பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் நிற்பவர் தலைப்பையும் படத்தையும் பார்ப்பதற்குள் வண்டி வந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து அந்த இடங்களுக்கு மீண்டும் சென்று, நீங்கள் வைத்துவிட்டு வந்த பிரதியையே கையில் எடுத்துப் பாருங்கள். முகப்பில் டீ டம்ளரின் வட்டக் கறை படிந்து, ஓரமெல்லாம் மடங்கி, உள்ளே நடுப்பக்கங்கள் மட்டும் அச்சகத்திலிருந்து வந்த மேனிக்கே ஒட்டிக்கொண்டிருந்தால், இதழை எடுத்தவர்கள் உண்டு, உள்ளே நுழைந்தவர்கள் இல்லை என்று பொருள். மாறாக, ஏரியைப் பற்றிய பக்கம் மட்டும் கசங்கி, நீங்கள் வரைந்திருந்த படத்தின் மேல் யாரோ பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தால், கடைக்காரரிடம் விசாரித்து அந்தக் கோட்டை இழுத்தவரைத் தேடிப் போங்கள். ஏரிக்கு நீர் கொண்டுவந்த கால்வாய் எந்த வழியாக ஓடியது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவராக அவர் இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. நீங்கள் தேடும் முதல் வாசகர் அவர்தான்.

நேரில் கண்டவரிடம் "எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு "நல்லா இருந்ததுங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது. முகத்துக்கு நேரே குறை சொல்வது மரியாதையில்லை என்று நம்மவர்கள் கருதுகிறார்கள், அதில் தவறும் இல்லை. எந்த இடத்தோடு நிறுத்திவிட்டீர்கள், வீட்டில் யாரிடமாவது இதைப் பற்றிச் சொன்னீர்களா, இந்த ஏரியைப் பற்றி நான் எழுதாமல் விட்டது என்ன என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரியவர்கள் உட்காரச் சொல்லிப் பதில் தருவார்கள்.

நூலகத்தையும் மறந்துவிட வேண்டாம். பல நூலகங்களில் வாசகர் வட்டம் இயங்குகிறது. நாள்தோறும் வருபவர் யார், செய்தித்தாளோடு நிறுத்துபவர் யார், வார இதழ்களின் கடைசிப் பக்கம் வரை போகிறவர் யார் என்பதை நூலகர் அறிவார். உங்கள் இதழைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், அவரிடம் சற்று நேரம் பேசுங்கள். பத்துப் பிரதிகளுக்குள்ளாவது உங்கள் முகவரி எழுதிய அஞ்சலட்டை ஒன்றைச் செருகி வையுங்கள். 50 காசு விலையுள்ள அந்த அட்டையில் வரும் நான்கு வரிகள், கைபேசியில் வரும் கைகூப்பும் படங்களைவிட அதிகம் சொல்லும்.

என் கட்டுரைகளை வாசிப்பவர்கள் எல்லாரும் மாமா, சித்தப்பா, கல்லூரி நண்பர்கள். எதை எழுதினாலும் "அருமை" என்கிறார்கள். இவர்களை வாசகர்கள் என்று கொள்ளலாமா? – தருமபுரி நகர், கல்லூரி மாணவர்

கொள்ளலாம். ஆனால் அவர்கள் சொல்வதைக் காட்டிலும், அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் விதத்தை நம்புங்கள். எழுதியதைக் கையில் கொடுக்காமல், மாலையில் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது உரக்க வாசித்துக் காட்டுங்கள். உங்கள் சித்தப்பா எந்த வரியில் கைபேசியை எடுக்கிறார், பாட்டி எந்த இடத்தில் "யாரு, அவனா?" என்று குறுக்கிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். பாட்டி குறுக்கிட்ட இடத்தில் கட்டுரைக்கு உயிர் இருக்கிறது. சித்தப்பா கைபேசியை எடுத்த இடத்தில் நீங்கள் ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து எடுத்த செய்தியைச் செரிக்காமல் எழுதியிருப்பீர்கள்.

இது நமக்குப் புதிய வழக்கமன்று. எழுதியதை அவையில் வைத்து அரங்கேற்றிய பிறகே அதை நூல் என்று ஏற்ற மரபு நம்முடையது. கேட்போரை முன்னிறுத்திப் பணிந்து பேசும் அவையடக்கப் பாடலோடு நூலைத் தொடங்குவது நம் புலவர்களின் வழக்கம். திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இதற்கென இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. முதலில் அறிதல், பிறகே அஞ்சாமை என்ற அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் வீட்டுக் கூடத்தை உங்கள் முதல் அவையாகக் கொள்ளுங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாமல், உங்கள் பெயரையோ குடும்பத்தையோ அறியாத ஒருவரிடம் அந்தக் கட்டுரை எப்படியாவது போய்ச் சேர வழி செய்யுங்கள். சித்தப்பாவிடமே, "உங்கள் அலுவலகத்தில் என்னைத் தெரியாத ஒருவருக்கு, எழுதியவர் யார் என்று சொல்லாமல் கொடுங்கள்" என்று கேட்கலாம்.

எங்கள் ஊர் வேடியப்பன் கோயிலில் இருப்பது ஒரு நடுகல் என்றும், மாட்டு மந்தையைக் கவர நடந்த சண்டையில் இறந்த வீரனின் கல் அது என்றும் எழுதி ஊரில் கொடுத்தேன். கோயில் பூசாரி மிகவும் வருந்தி, "எங்கள் சாமியைச் செத்தவன் என்று எழுதிவிட்டாயே" என்று கேட்டுவிட்டார். இனி இத்தகைய செய்திகளை எழுதாமல் விடுவது நல்லதா? – ஊத்தங்கரை வாசகர்

எழுதாமல் விட வேண்டாம். பூசாரி உங்கள் கட்டுரையைக் கடைசி வரி வரை வாசித்திருக்கிறார், அல்லது யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அது அவரைத் தொட்டிருக்கிறது. இவ்வளவு அக்கறையுள்ள வாசகர் எழுதத் தொடங்கிய சில மாதங்களிலேயே கிடைப்பது அரிது. அவரை இழந்துவிடாதீர்கள்.

நீங்கள் எழுதிய செய்தியிலும் பிழையில்லை. பல்லவர் காலந்தொட்டுப் பொறிக்கப்பட்ட நடுகற்கள் நம் இரு மாவட்டங்களிலும் செறிந்து கிடக்கின்றன. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆகிய பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகளைக் குறிக்கும், வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டுகள் இந்த வட்டாரத்து நடுகற்களில் உண்டு. ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ வீழ்ந்தவர்கள், புலியோடும் பன்றியோடும் பொருது இறந்தவர்கள் என்று பலருக்கும் கல் எடுத்திருக்கிறார்கள். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இத்தகைய கற்களை நேரில் காணலாம். அருங்காட்சியகத்துக்குப் போகாத எத்தனையோ கற்கள் ஊர்களில் இன்றும் வேடியப்பனாகப் பூசை பெற்று வருகின்றன.

ஆனால் உங்கள் கட்டுரை கல்லைப் பற்றியதாக மட்டும் இருந்திருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து உணர்கிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கல் மழையிலும் வெயிலிலும் கிடந்து, உடைபடாமலும் படிக்கல்லாகப் போகாமலும் நமக்குக் கிடைத்திருக்கிறது என்றால், அதற்கு எண்ணெய் சாற்றிப் பொங்கல் வைத்து வந்த குடும்பங்களே காரணம். அந்தக் குடும்பங்களின் வழியில் வந்தவர்தான் உங்கள் முன்னால் வருத்தத்தோடு நின்றவர். கல்லின் காலத்தை எழுதிய நீங்கள், கல்லைக் காத்தவர்களுக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருந்தால் அவர் வருந்தியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

எனவே அடுத்த இதழுக்கு முன்பு அவரிடம் போங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, குறிப்பேட்டை உடனே எடுக்காமல், பூசை முடியும் வரை இருந்து பேசுங்கள். எந்தக் குலத்தார் பொங்கல் வைக்க வருகிறார்கள், அவருடைய பாட்டனார் இந்தக் கல்லைப் பற்றி என்ன சொல்வார், எந்த மாதத்தில் படையல் போடுகிறார்கள் என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, அச்சுக்குப் போகும் முன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கல்வெட்டு சொல்வதும் இருக்கட்டும்; அவர் சொல்வதும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை மழுப்ப வேண்டியதில்லை. உங்கள் ஊரில் வேறு எங்கெல்லாம் இப்படிப்பட்ட கற்கள் புதருக்குள் கிடக்கின்றன என்பதை அதற்குப் பிறகு அவரே உங்களுக்குக் காட்டவும் கூடும்.

எங்கள் பகுதியில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் மிகுதி. தமிழில் எழுதும் எனக்கு இங்கே வாசகர் கிடைப்பார்களா? – தேன்கனிக்கோட்டை வாசகர்

கிடைப்பார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிக்கொண்டு, பள்ளியில் தமிழ் படித்து, தமிழ்ச் செய்தித்தாளை நாள்தோறும் வாசிப்பவர்கள் உங்கள் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அத்தகைய வீடுகளில் பள்ளி செல்லும் பிள்ளை உங்கள் எழுத்தை வாசித்துப் பாட்டிக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்லும். ஆகவே உங்களுக்கு ஒரே பிரதியில் இரண்டு வாசகர்கள். அந்தப் பிள்ளைக்கு எந்தச் சொல்லை எடுத்துச் சொல்வது கடினமாக இருந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்கள் வாக்கியம் எங்கே தேவையில்லாமல் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பென்னாகரம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரார் பலர் கட்டட வேலைக்காகப் பெங்களூரில் இருக்கிறார்கள். ஊரைப் பற்றி நான் எழுதுவது அவர்களுக்காகத்தான். ஆனால் அவர்கள் வாசிக்கிறார்களா என்று தெரியவில்லை. – பென்னாகரம் வட்டம், ஒரு வாசகர்

நாள் முழுவதும் சென்ட்ரிங் பலகையும் கம்பியும் தூக்கியவர் இரவில் கைபேசியின் சின்னத் திரையில் நீண்ட கட்டுரையை வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. அவர்களுக்குக் கண்ணைவிடக் காது ஓய்வாக இருக்கிறது. நீங்கள் எழுதியதை உங்கள் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். இரவுச் சமையல் நடக்கும்போது ஓர் அறையில் தங்கியிருக்கும் நான்கைந்து பேரும் சேர்ந்து கேட்பார்கள். பதிவு பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

எதைப் பற்றி எழுதுவது என்பதையும் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒகேனக்கல்லின் வரலாற்றைவிட, இந்த ஆண்டு ஊரில் மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் நிற்கிறது, ராகிக் கதிர் அறுப்புக்கு வந்துவிட்டதா, மாரியம்மன் பண்டிகைக்கு நாள் குறித்தாயிற்றா, பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர் வந்துவிட்டாரா என்பவையே அவர்கள் மனத்தில் முன்னே நிற்கும். அவற்றில் தொடங்குங்கள். வரலாற்றை அவற்றின் ஊடாகவே சொல்லலாம். கிணற்றைப் பற்றி எழுதினால் அதை வெட்டியவர்களைப் பற்றியும் எழுதலாமே.

பொங்கலுக்கும் ஊர்ப் பண்டிகைக்கும் அவர்கள் வரும்போது நேரில் பார்த்துப் பேசுங்கள். வந்திறங்கும் அன்றே போக வேண்டாம். வீட்டாரோடு இருக்க அவர்களுக்குக் கிடைப்பது இரண்டொரு நாள்தான். திரும்பிப் போகும்போது பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம் உங்களுக்குப் போதும்.

மாமரம் ஒட்டுக்கட்டுவது பற்றி எழுதிய என் கட்டுரைக்குச் சந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தொடர்ந்து குறை சொல்லி எழுதுகிறார். பதில் எழுத வேண்டுமா, விட்டுவிடலாமா? – கிருஷ்ணகிரி வாசகர்

மாங்கன்று வளர்ப்புக்குப் பெயர்போன ஊர் சந்தூர். அங்கிருந்து ஒருவர் ஒட்டுக்கட்டுவதைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறார் என்றால், தயவுசெய்து அந்தக் கடிதங்களை மீண்டும் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். "தாய்மரத்துக் குச்சியை எந்தப் பருவத்தில் எடுக்க வேண்டும் என்று எழுதவில்லையே", "கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூராவையும் வீட்டுக்கு வாங்கும் மல்கோவாவையும் ஒன்றாகப் பேசிவிட்டீர்களே" என்று அவர் கேட்டிருந்தால், அவர் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். ஒரு பருவம் நன்றாகக் காய்த்த மரம் மறு பருவம் ஏன் ஓய்ந்துவிடுகிறது என்பதை ஆண்டாண்டாகப் பார்த்து வந்தவரின் கேள்விகள் அவை. அவருடைய தோட்டத்துக்கே போய், கத்தி பிடிக்கும் கையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் சம்மதித்தால் அடுத்த இதழில் அவர் சொன்ன திருத்தத்தை அவர் பெயரோடு வெளியிடுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் "சந்தூர் விவசாயி" என்று மட்டும் போடுங்கள். அவருடைய கைபேசி எண்ணை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள், எவ்வளவு வற்புறுத்திக் கேட்டாலும்.

எழுத்தை விட்டுவிட்டு உங்கள் சாதியையும் ஊரையும் பற்றிப் பேசும் கடிதங்கள் வேறு வகை. அவற்றுக்குப் பதில் எழுதும் நேரத்தில் இன்னொரு கட்டுரை எழுதிவிடலாம்.

சந்தா வாங்கினால் வாசகர்களின் பெயரும் முகவரியும் தெரிந்துவிடுமே, வாங்கலாமா? – காவேரிப்பட்டணம் வாசகர்

வாங்கலாம், காசு கொடுத்தவர் வாசிப்பார், இதழ் வரத் தாமதமானால் கேட்கவும் செய்வார். ஆனால் பொதுச் செய்திகளையும் அவற்றைப் பற்றிய கருத்துகளையும் தாங்கிக் குறித்த இடைவெளியில் வெளிவரும் இதழுக்குப் பதிவு தேவை. பத்திரிகைகளையும் நூல்களையும் பதிவு செய்வதற்கான 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இதழின் பெயரை இணையம் வழியாகவே பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். அதைச் செய்துவிட்டுச் சந்தாவைத் தொடங்குங்கள்.

இருபது பேர்கூட வாசிப்பதில்லை என்று தோன்றுகிறது. எத்தனை பேர் இருந்தால் தொடர்ந்து எழுதலாம்? – பாப்பாரப்பட்டி வாசகர்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஒரு நெகிழ்ச்சி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்து, 1913-இல் 'ஞானபாநு' இதழைத் தொடங்கினார். பாரதியும் அதில் எழுதினார். தொழுநோயாளர் ரயிலில் பயணம் செய்யக் கூடாது என்று தடுக்கப்பட்ட நிலையில், அவர் ஊர் ஊராக நடந்தே சென்று மக்களைச் சந்தித்தார். கடைசியில் உங்கள் ஊரில்தான் 1925 ஜூலை 23 அன்று அவர் உயிர் பிரிந்தது; அவருடைய நினைவிடத்தை நீங்கள் நாள்தோறும் கடந்து போகிறீர்கள். இதழ் நடத்துவோர் தம் வாசகர்களை நேரில் தேடிப் போவது பிற்காலத்திலும் தொடர்ந்தது. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கி 1970 வரை நடத்திய 'எழுத்து' என்ற இலக்கியச் சிற்றிதழ் 119 இதழ்கள் வந்தது. அவர் தம் வெளியீடுகளைக் கட்டாகச் சுமந்து கல்லூரிகளுக்குப் போய், மாணவர்களையும் ஆசிரியர்களையும் பார்த்து விற்றார். யாருக்காக எழுதுகிறோம் என்பதை இவ்விருவரும் வாசகர்களின் முகம் பார்த்து அறிந்திருந்தார்கள்.

இருபது என்பதைக் குறைவான எண்ணாக நான் கருதவில்லை. அந்த இருபது பேரின் முகமும் உங்களுக்குத் தெரியுமா என்பதே என் கேள்வி. யார் ஆசிரியர், யார் விவசாயி, யாருக்குக் கண் மங்கியிருப்பதால் எழுத்தைப் பெரிதாக அச்சிட வேண்டும், யார் வாசித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறார் என்பதை உங்களால் சொல்ல முடியுமானால், ஆயிரம் பிரதி விற்கும் பலரைவிட நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். அவர்களில் ஒருவராவது "அடுத்தது எப்போது வரும்?" என்று தாமாகக் கேட்டிருக்கிறாரா? கேட்டிருந்தால் எழுதுங்கள். ஆறேழு இதழ் போன பிறகும் ஒருவரும் கேட்கவில்லை என்றால், எழுதுவதை நிறுத்தாமல், எழுதும் பொருளை மாற்றிப் பாருங்கள்.

எனக்கு முதன்முறையாக, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவி. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன். – அரூர் வாசகி

வைத்திருக்காதீர்கள், இந்த வாரமே எழுதுங்கள். அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நன்றி சொல்வதற்கு ஒரு வரி போதும். பிறகு அவள் உங்கள் கட்டுரையில் எந்த இடத்தைக் குறிப்பிட்டிருக்கிறாளோ, அந்த இடத்தைப் பற்றி அச்சில் சொல்லாத ஒரு செய்தியை அவளுக்குச் சொல்லுங்கள். அவளுடைய ஊரைப் பற்றி அவளால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அவர்கள் ஊர்ச் சந்தை எந்தக் கிழமை கூடுகிறது, அங்கே முதலில் விற்றுத் தீர்வது எது என்பது போல. அறிவுரை எதுவும் வேண்டாம். படிப்பில் கவனம் செலுத்தச் சொல்ல அவளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். மாணவி என்பதால் கடிதத்தைப் பள்ளி முகவரிக்கே, தமிழாசிரியர் வழியாக அனுப்புங்கள். கூடவே அடுத்த இதழின் இரண்டு பிரதிகளை வையுங்கள், ஒன்று அவளுக்கு, மற்றொன்று பள்ளி நூலகத்துக்கு.